டர்பன் முதல் செயின்ட் லூசியா வரை: தவளை, பச்சோந்தி, பாம்பு தேடிப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனில் நவம்பர் மாதத்து மாலை மழை ஓய்ந்ததும் ஏதாவது ஒரு நாணல் குட்டையின் ஓரமாகப் போய் நில்லுங்கள். காது அடைத்துப்போகும். கட்டைவிரல் அளவுகூட இல்லாத வண்ண நாணல் தவளைகள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் விசில் அடிக்கும் சத்தம் அது. இத்தனை சத்தம் கேட்கிறதே என்று டார்ச்சை அடித்தால் ஒன்றுகூடக் கண்ணில் படாது. எனக்கும் முதல் இரவு அப்படித்தான் போனது. கையெட்டும் தூரத்தில் நூறு தவளைகள் இருந்தும் முக்கால் மணி நேரம் ஒன்றையும் பார்க்காமல் நின்றேன்.

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்துக்கு ஊர்வன பார்க்க வருகிறவர்களில் பலர் முதல் நாளே மாம்பா என்ற கொடிய விஷப்பாம்பைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அந்த ஆசை புரிகிறது. ஆனால் தவளையில் தொடங்குங்கள் என்பேன். நின்று கேட்கவும், இலைக்கும் உயிருக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவும் தவளைதான் கற்றுக்கொடுக்கும். அப்புறம் பச்சோந்தி, கடைசியில் பாம்பு. இந்த வழிகாட்டியையும் அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

எப்போது, எங்கே

இங்கே கோடையில்தான் மழை. அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை வெயிலும் இடிமழையும் மாறி மாறி வரும். அதுதான் நமக்கான காலம். வெயில் தணிந்த பிறகு நல்ல மழை பெய்து, காற்று நின்று, நிலா இல்லாத இரவு அமைந்தால் வேறு எந்த வேலை இருந்தாலும் தள்ளிவைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்த குளிர்காலம். தவளைகள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் கடற்கரையோரம் குளிர் அவ்வளவு கடுமையில்லை என்பதால், காலை வெயில் காய வரும் பாம்புகளை அப்போதும் பார்க்கலாம்.

டர்பன் நகரத்திலேயே தொடங்கலாம். நகரத்தின் மேற்கே குளூஃப் பகுதியில் கிரான்ட்ஸ்குளூஃப் என்ற பள்ளத்தாக்குக் காப்பகம் இருக்கிறது. அங்கே ஓடைப் பாறைகளிலும், தண்ணீருக்கு மேலே தொங்கும் குச்சிகளிலும் தெளிந்த கூழ் உருண்டைகள் ஒட்டியிருந்தால், அவை குளூஃப் தவளையின் முட்டைகளாக இருக்கலாம். தலைப்பிரட்டைகள் அங்கிருந்து நேராக ஓடையில் விழுந்து வளரும். குவாசுலு-நட்டாலிலும் அதற்குத் தெற்கே ஈஸ்டர்ன் கேப்பிலும் மட்டுமே வாழும் தவளை இது. இதன் பேரினத்தில் இந்த ஓர் இனம்தான் உண்டு.

வடக்கே, கிங் ஷாகா விமான நிலையத்துக்குப் பக்கத்தில், மவுன்ட் மோர்லண்ட் சதுப்புகள் இருக்கின்றன. கோடையில் தகைவிலான் குருவிகள் கூட்டமாக இரவு தங்குவதற்குப் பெயர்போன நாணல்காடு அங்கேதான். பிக்கர்ஸ்கில் நாணல் தவளையும் அங்கே இருக்கிறது. இந்த மாகாணத்தின் கடற்கரைப் பட்டையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத, அழிவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் இனம். அதன் சதுப்புகளை வடிகட்டித்தான் கரும்பு போட்டார்கள், பிறகு வீடு கட்டினார்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின்னால் வந்த நம்மவர்களும் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தது இந்தக் கரும்புக் காடுகளில்தான். நிலம் யாருடையது, லாபம் யாருக்குப் போனது என்று அவர்களைக் கேட்டால் தெரியும். எனக்கு அந்தச் சதுப்போரம் நிற்கும்போதெல்லாம் தவளை, கூலி இரண்டு நினைப்பும் சேர்ந்துதான் வரும். இப்போது ஜோகன்னஸ்பர்க் விலங்குக் காட்சிசாலையில் வளர்த்த தவளைகளைக் கொண்டுவந்து இந்தக் கடற்கரைச் சதுப்புகளில் விடுகிறார்கள்.

இன்னும் வடக்கே போனால் செயின்ட் லூசியா ஊரும் அதைச் சுற்றியுள்ள இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவும். 1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். ஏரி, சதுப்பு, மணல்மேட்டுக் காடு, கடல் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. மூன்று இரவுதான் கையில் இருக்கிறது என்றால் ஓர் இரவு டர்பனுக்கும் இரண்டு இரவு இங்கேயும் ஒதுக்குங்கள்.

கிளம்புமுன் செய்ய வேண்டியது

முதலில் அனுமதி. காப்பகங்கள் பெரும்பாலும் எசெம்வெலோ என்ற மாகாண வனவிலங்கு அமைப்பின் பொறுப்பில் உள்ளன. வாயில்கள் மாலையோடு மூடிவிடும், அதன் பிறகு வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போக முடியும் என்பதுதான் பொதுவான ஏற்பாடு. தனியார் நிலமென்றால் உரிமையாளரிடம் நேரில் பேசுங்கள். இருட்டில் விளக்கோடு திரிகிறவர்களைத் திருட்டு வேட்டைக்காரர்கள் என்றுதான் இங்கே முதலில் நினைப்பார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. எந்த உயிரையும் பிடிக்கவும் எடுத்துப் போகவும் தனி அனுமதி வேண்டும். பார்ப்பதும் படம் எடுப்பதும் மட்டும்தான் நம் வேலை.

தனியாகப் போகாதீர்கள். மூன்று பேர் நல்ல எண்ணிக்கை. அதில் ஒருவர் அந்த ஊர்க்காரராக இருப்பது இன்னும் நல்லது. வழிப்பறி பயம் உள்ள இடம் எது, இரவில் காரை எங்கே நிறுத்தலாம் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வண்டி நம்மூர் போலவே இடப்பக்கம்தான். ஆனால் கிராமத்துச் சாலையில் இருட்டில் மாடும் ஆடும் ஆளும் திடீரென்று குறுக்கே வருவார்கள், மெதுவாகப் போங்கள்.

உடம்புக்கு வரும் ஆபத்துகளில் பாம்பு முதலிடத்தில் இல்லை. நன்னீரில் இறங்கினால் பில்ஹார்சியா புழு தோல் வழியாக உடம்புக்குள் போகும், ஆகையால் தவளைக்காகக் குட்டைக்குள் இறங்கவே வேண்டாம். செயின்ட் லூசியாவில் அதே தண்ணீரில் முதலையும் நீர்யானையும் இருக்கின்றன. உண்ணிக் காய்ச்சல் சாதாரணமாக வரும், திரும்பி வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் தேடிப் பாருங்கள். மாகாணத்தின் வடகோடிக்குப் போவதானால் மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எடுத்துப்போகும் சாமான் அதிகமில்லை. ஒரு தலைவிளக்கு, ஒரு கைடார்ச், இரண்டுக்கும் மாற்று பேட்டரி. கணுக்காலை மூடும் பூட்ஸ், கனமான நீளக் கால்சட்டை. கண்ணுக்கு சாதாரண வெள்ளைக் கண்ணாடி, ஏனென்று பாம்புப் பகுதியில் சொல்கிறேன். தண்ணீர், அகலமான கிரேப் பேண்டேஜ், முழு சார்ஜ் உள்ள போன். பாம்பு பிடிக்கும் கொக்கியை வாங்காதீர்கள். கையில் இருந்தால் பயன்படுத்தத் தோன்றும்.

தவளை: காதால் தேடுவது

இருட்டுவதற்கு அரைமணி முன்பே குட்டைக்குப் போய்விடுங்கள். டிசம்பரில் ஏழு மணி வாக்கில்தான் இருட்டும். கரையோரப் புல், சேறு, தண்ணீர் விளிம்பு எல்லாவற்றையும் வெளிச்சத்திலேயே பார்த்து, எங்கே நிற்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். இருட்டியதும் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றிப்பொட்டோடு ஒட்டிப் பிடித்து, தண்ணீர்ப்பரப்பை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். வெளிச்சம் நம் பார்வைக் கோட்டிலேயே போனால்தான் விலங்கின் கண் திருப்பி அனுப்பும் மினுக்கம் நமக்குத் தெரியும். சிவந்த நெருப்புத்துண்டு போல ஒன்று தண்ணீர் மட்டத்தில் தெரிந்தால் முதலை. அந்தக் குட்டையை விட்டு விலகிவிடுங்கள்.

அடுத்து விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். முதலில் ஒரே இரைச்சலாகத்தான் கேட்கும். மெல்ல மெல்லப் பிரியும். கூர்மையான விசில் வண்ண நாணல் தவளை. ஆணியைச் சுத்தியால் தட்டுவது போல டக் டக் என்பது டிங்கர் நாணல் தவளை. பாட்டிலில் தண்ணீர்க் குமிழி உடைவது போல ஒற்றை ‘க்வாய்ப்’, அதற்குத் தூரத்திலிருந்து இன்னொரு ‘க்வாய்ப்’ பதிலாக வந்தால் கசினா. குறட்டை விட்டபடி உருளும் சத்தம் குட்டரல் தேரை. நீளமாக ‘வூப்’ என்று ஊதுவது செந்தேரை. காட்டுக்குள் சருகுக்கடியிலிருந்து மெல்லிய கீச்சு வந்தால் அது ஸ்குவீக்கர், அந்தக் குட்டித் தவளைக்குக் குட்டையே தேவையில்லை. சருகு ஈரத்திலேயே முட்டையிட்டு, தலைப்பிரட்டைப் பருவம் இல்லாமலே குஞ்சாக வெளியே வரும்.

சத்தம் பிரிந்த பிறகு ஒரே ஒரு தவளையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு பேர் நான்கு ஐந்து மீட்டர் இடைவெளி விட்டு நின்று, அவரவர் காதுக்கு எந்தத் திசையில் கேட்கிறதோ அந்தத் திசையில் கையை நீட்டுங்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் டார்ச்சை அடித்தால் இரண்டு வெளிச்சமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் தவளை இருக்கும். எனக்கு முதல் இரவு முக்கால் மணி நேரத்தில் நடக்காதது, இந்த வித்தையைக் கற்றுக்கொண்ட இரவில் இரண்டு நிமிடத்தில் நடந்தது. நாம் நெருங்கியதும் அது வாயை மூடிக்கொள்ளும். நகராமல், விளக்கை அணைத்துக் காத்திருங்கள். பக்கத்துத் தவளை கத்தினால் இதற்கும் பொறுக்காது, திரும்பத் தொடங்கிவிடும்.

அப்போது மங்கலான வெளிச்சத்தில் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நாணல் தண்டை நான்கு கால்களாலும் கட்டிப் பிடித்தபடி, உடம்பளவுக்குத் தொண்டைப் பையை ஊதி, ஒவ்வொரு விசிலுக்கும் உடம்பே குலுங்கும். விரல் நுனியில் இருக்கும் சின்னச் சின்ன வட்டத் தட்டுகள் தண்டில் ஒட்டியிருப்பதைக்கூட எண்ணலாம். பக்கத்துக் குட்டையில் இதே இனம் வேறு கோலத்தில் இருக்கும், புள்ளி, கோடு, வெறும் பழுப்பு என்று. நிறத்தை நம்பிப் பெயர் வைக்காதீர்கள், குரலை நம்புங்கள். அல்லி இலை மிதக்கும் குட்டை என்றால் அல்லித் தவளையையும் தேடுங்கள். பெண் தவளையின் தோல் அவ்வளவு ஊடுருவித் தெரியும் என்பதால் வயிற்றுக்குள் முட்டைகள் தெரியும்.

முதல் பெருமழை அன்று தோட்டத்து மண்ணையும் பாருங்கள். மழைத்தவளை வெளியே வரும். உருண்டையான உடம்பு, குட்டைக் கால். குதிக்காது, நடக்கும். ஆணின் கை பெண்ணின் முதுகைச் சுற்றி எட்டாது என்பதால் தோலில் சுரக்கும் பசையால் ஒட்டிக்கொள்ளும். அந்த நிலையில் அவற்றைத் தொட்டுப் பிரிக்கவே கூடாது, தோல் கிழிந்துவிடும்.

பச்சோந்தி: தூங்கும்போது பார்ப்பது

பகலில் பச்சோந்தியைக் கண்டுபிடிப்பது கஷ்டம், இரவில் சுலபம். தூங்கும்போது அதன் தோல் வெளுத்துப்போகும். கரும்பச்சைப் புதரில் டார்ச் வெளிச்சம் பட்டதும் ஒரே ஒரு வெளிர் கோடு தனித்துத் தெரியும். இலையின் அடிப்பாகம்கூட அப்படித் தெரியும்தான். ஆனால் இலைக்குச் சுருண்ட வால் கிடையாது.

குச்சியின் நுனியைத்தான் தேட வேண்டும், புதரின் உட்புறத்தை அல்ல. பாம்பு ஏறி வந்தால் மெல்லிய நுனி ஆடும், பச்சோந்தி விழித்துக்கொண்டு கீழே விழுந்து தப்பும். அதற்காகவே நுனியில் தூங்குகிறது. ஆகவே அந்தக் குச்சியை நீங்கள் ஆட்டினால் பாம்பு வந்த கதைதான். புதரைத் தொடாமல், ஒரு கை தூரத்திலிருந்து பாருங்கள். கண் மூடியிருக்கும், விரல்கள் குறடு மாதிரி குச்சியைப் பிடித்திருக்கும், வால் கடிகாரச் சுருள் மாதிரி இறுகியிருக்கும். வெளிச்சத்தை ஒரே பக்கம் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் நிறம் கறுக்கத் தொடங்கும். அதுதான் ‘போதும்’ என்ற அறிகுறி. இரண்டு படம் எடுத்துவிட்டு விளக்கைத் திருப்புங்கள்.

டர்பனில் கருந்தலைக் குட்டைப் பச்சோந்தி வீட்டுத் தோட்டங்களிலும் வழியோரப் புல்லிலும் இருக்கிறது. உள்நாட்டு மிட்லண்ட்ஸ் பகுதியில் இன்னும் பளபளப்பான ஓர் இனம், செயின்ட் லூசியாவில் செட்டாரோ குட்டைப் பச்சோந்தி. குட்டைப் பச்சோந்திகள் எல்லாம் குட்டி போடுபவை. ஒரு சாண் நீளத்துக்கு வளரும் மடல்கழுத்துப் பச்சோந்தி மட்டும் மண்ணைத் தோண்டி முட்டையிடும். செயின்ட் லூசியா ஊருக்குள் இரவு நடக்கும்போது புதரைப் பார்த்த கண்ணை அடிக்கடி தெருவுக்கும் திருப்புங்கள். அங்கே நீர்யானைகள் புல் மேயத் தெருவில் வரும்.

ஒன்று சொல்ல வேண்டும். சுலு மக்களில் பலர் பச்சோந்தியை விரும்புவதில்லை. மனிதருக்குச் சாவு இல்லை என்ற செய்தியோடு உன்குலுன்குலு என்ற படைப்பு முதல்வர் பச்சோந்தியை அனுப்பினார். அது வழியில் பழம் தின்று மெதுவாகப் போக, பின்னால் அனுப்பிய பல்லி சாவு என்ற செய்தியோடு முந்திக்கொண்டது என்பது அவர்கள் கதை. உங்களோடு வரும் ஊர்க்காரர் பச்சோந்தியைக் கண்டு ஒதுங்கி நின்றால் சிரிக்காதீர்கள், கையில் எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டவும் செய்யாதீர்கள்.

கட்டையும் கல்லும்

பகலில் புரட்டிப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. கட்டையின் எதிர்ப்பக்க விளிம்பைக் குச்சியால் நெம்பி, உங்களை நோக்கித் தூக்குங்கள். அடியில் இருப்பது உங்களுக்கு எதிர்த்திசையில் ஓடும், கட்டையே உங்களுக்குக் கேடயம். பார்த்ததும் கட்டையை முன்பு இருந்த பள்ளத்திலேயே அப்படியே பொருத்துங்கள். அரணையோ தவளையோ கட்டைக்கு அடியிலேயே இருந்தால், அது பக்கத்தில் நகர்ந்த பிறகு கட்டையை இறக்குங்கள், தானே அடியில் நுழைந்துகொள்ளும். ஒரு கட்டைக்கு அடியில் ஈரம் சேர ஆண்டுக்கணக்கு ஆகும். பாறைச் சில்லுகளை மட்டும் பெயர்க்கவே பெயர்க்காதீர்கள், உடைந்தது மறுபடி ஒட்டாது. விழுந்த மரம் வழியில் கிடந்தால் தாண்டிக் குதிக்காமல், மேலே ஏறி நின்று அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

பாம்பு

பாம்பின் கண் டார்ச்சுக்கு மின்னாது. வடிவத்தைத்தான் தேட வேண்டும். பகலில் இன்னொரு வழி இருக்கிறது, பறவையைக் கேட்பது. இங்கத்துக் கொண்டைக்குருவி நம்மூர்க் கொண்டைக்குருவிக்குச் சொந்தம், வாலடியில் சிவப்புக்குப் பதில் மஞ்சள். அவை ஐந்தாறு சேர்ந்து ஒரே கிளையைச் சுற்றி விடாமல் கத்தினால் அங்கே பூம்ஸ்லாங் அல்லது குச்சிப்பாம்பு என்ற மரமேறும் விஷப்பாம்பு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பைனாகுலரில் பத்து மீட்டர் தள்ளி நின்று கிளை கிளையாகப் பாருங்கள்.

இரண்டும் சாதுவானவை, ஓடத்தான் பார்க்கும். ஆனால் இவற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டதற்குப் பெரிய அறிஞர்களே விலை கொடுத்திருக்கிறார்கள். சிகாகோவில் கார்ல் ஷ்மிட் 1957-ல் ஓர் இளம் பூம்ஸ்லாங் கடித்து மறுநாள் இறந்தார். ஜெர்மனியின் ராபர்ட் மெர்டன்ஸ் 1975-ல் தான் வளர்த்த குச்சிப்பாம்பு கடித்து இறந்தார். இரண்டின் விஷமும் ரத்தம் உறையும் தன்மையைக் கெடுக்கும், பல மணி நேரம் கழித்துத்தான் தெரியும். பூம்ஸ்லாங்குக்குத் தனி விஷமுறி மருந்து உண்டு. குச்சிப்பாம்புக்கு இல்லை.

பச்சையாக ஒரு பாம்பு சுவரில் சரசரவென்று ஏறினால் அது பெரும்பாலும் புள்ளிப் புதர்ப்பாம்பு, விஷமில்லாதது, நம்மூர் கொம்பேறி மூக்கன் போல ஏறும். ஆனால் கடற்கரைக் காட்டில் பச்சை மாம்பாவும் உண்டு. எனவே நிறத்தை வைத்து ‘இது ஒன்றும் செய்யாது’ என்று முடிவு செய்கிற பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். கரு மாம்பா உண்மையில் சாம்பல் பழுப்பு நிறம், வாயின் உட்புறம்தான் கறுப்பு. தலையைத் தூக்கி வாயைத் திறந்து காட்டுகிறது என்றால் நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள். அசையாமல் நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். மாம்பா என்ற சொல்லே ‘இமாம்பா’ என்ற சுலு சொல்லிலிருந்து வந்தது.

இரவில் வெளியே வரும் மொசாம்பிக் துப்பும் நாகத்துக்காகத்தான் அந்தக் கண்ணாடி. இரண்டு மூன்று மீட்டர் தூரத்திலிருந்து கண்ணைக் குறிவைத்து விஷத்தைத் துப்பும். கண்ணில் பட்டால் தேய்க்காமல், சுத்தமான தண்ணீரால் நிறுத்தாமல் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மழை இரவில் நடைபாதையில் சின்னதாக, கறுப்பாக, மினுமினுப்பாக ஒரு பாம்பு போகும். புதிதாக வருகிறவர்கள் பலரும் ‘குட்டிப் பாம்புதானே’ என்று கழுத்தைப் பிடிக்கப்போவது இதைத்தான். ஸ்டிலெட்டோ பாம்பு. அதன் பல் வாயைத் திறக்காமலே பக்கவாட்டில் வெளியே வரும், ஆகையால் தலைக்குப் பின்னால் பிடித்தாலும் குத்திவிடும். விஷமுறி மருந்து கிடையாது, விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

பஃப் விரியன் நகராது, சருகோடு சருகாகக் கிடக்கும். காலை வைக்குமிடத்தைப் பார்த்து வைப்பதுதான் ஒரே பாதுகாப்பு. அதன் உறவான கபூன் விரியனுக்காகவே செயின்ட் லூசியா வருகிறவர்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இந்த மூலையில்தான் அது இயற்கையாக வாழ்கிறது. விஷப்பல் 5 சென்டிமீட்டர் வரை வளரும். உடம்பில் பழுப்பு, ஊதா, மஞ்சள் கட்டங்கள் பின்னிய பாய் போல இருக்கும், இருந்தும் மணல்மேட்டுக் காட்டின் சருகில் கண்ணெதிரே மறைந்துவிடும். மிகப் பெரும்பாலானோர் பார்க்காமலே திரும்புவார்கள். நானும் பலமுறை அப்படித் திரும்பியவன்.

கடிபட்டால்: அறுக்காதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு கட்டாதீர்கள். மோதிரம், கடிகாரம், இறுக்கமான காலணி எல்லாவற்றையும் கழற்றுங்கள். போனில் 112 அழுத்தி, உடனே பெரிய மருத்துவமனைக்கு வண்டியை விடுங்கள். பாம்பைப் பிடித்து எடுத்துப் போக வேண்டியதில்லை, தூரத்திலிருந்து ஒரு படம் போதும். மாம்பா கடித்தால் மூச்சு நின்றுபோகலாம். செயற்கை மூச்சு கொடுப்பதையும், அகலப் பேண்டேஜ் சுற்றுவதையும் பயணத்துக்கு முன்பே பயிற்சி பெற்றவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அந்தப் பேண்டேஜ் மாம்பாவுக்குத்தான், விரியன் கடிக்குக் கட்டினால் சதை இன்னும் கெடும்.

பார்த்ததை எழுதுவது

அன்றிரவே குறிப்பு எழுதுங்கள்: நேரம், வெப்பம், மழை, தரையிலிருந்து உயரம், எந்தச் செடி. தவளைக் குரலைப் போனிலேயே பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், அடையாளம் காண படத்தைவிட அது உதவும். பார்த்த உயிர்களைப் பலரும் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் போட்டால் ஆராய்ச்சியாளர்கள் பார்த்துப் பெயரைத் திருத்திச் சொல்வார்கள். அழியும் நிலையில் உள்ள இனங்களின் இடத்தை அந்தத் தளமே மங்கலாக்கிவிடும். மற்ற சமூக ஊடகங்கள் அப்படிச் செய்யாது. கபூன் விரியனோ அரிய பச்சோந்தியோ கண்ட இடத்தைப் படத்தோடு அங்கே போட்டீர்கள் என்றால், விற்பதற்காகப் பிடிக்கிறவர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள்.

மறுநாள் வேறு குட்டைக்குப் போவதானால் பூட்ஸைச் சேறு போகத் தேய்த்துக் கழுவி, பிளீச் கலந்த தண்ணீரில் நனைத்து, நன்றாகக் காயவையுங்கள். உலகமெங்கும் தவளைகளைக் கொன்றுகொண்டிருக்கும் கைட்ரிட் பூஞ்சை ஈரச் சேற்றோடுதான் பயணம் செய்கிறது. காயவில்லை என்றால் மாற்றுச் செருப்போடு போங்கள், அல்லது அன்றிரவும் பழைய குட்டைக்கே போங்கள். நேற்று நீங்கள் கேட்காத ஒரு குரல் இன்று அங்கே கேட்கலாம்.